அஞ்சாம் நம்பர் டயர்

கைய எடுத்துட்டேன் பாருங்க சார். ஸ்டியரிங்க விட்டுட்டேன். வண்டி நேராப் போகுதா இல்லையா? இந்தப் பக்கமும் இழுக்கல, அந்தப் பக்கமும் இழுக்கல. பயப்படாதீய, புடிச்சுக்கிட்டேன். இதுக்குப் பேருதான் அலைன்மென்ட். திருநவேலி ஜங்சன்ல உங்கள ஏத்துனதுல இருந்து தென்காசியில எறக்கி விடுத வரைக்கும் வயித்துத் தண்ணி குலுங்காது. ரோடு குலுக்குனா அதுக்கு நான் பொறுப்பு இல்ல, வண்டி குலுக்காது.

தென்காசி ஸ்டாண்டுல வந்து திருமலைக்குமாருன்னு கேட்டியன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. டயர் குமாருன்னு கேளுங்க, டீக்கடைக்காரன்கூடக் கையக் காட்டுவான். கேலியாத்தான் வச்சானுவ. வச்சுட்டுப் போறானுவ. அவனுவ ஒரு செட்டு டயர் போட்டா ஒரு சீசன் ஓடும், அடுத்த சீசன்ல பாதியில மொட்டையாயிரும். நமக்கு மூணு சீசன் ஓடும். அந்த வயித்தெரிச்சல்தான், வேற என்ன.

சூட்சுமம் ஒண்ணும் இல்ல சார். முன் சக்கரம்தான் திரும்புது, முன் சக்கரம்தான் வண்டிய இழுக்குது, பிரேக் புடிச்சா பாரமும் அங்கனதான் வந்து விழுது. அப்ப அதுதானே வெரசாத் தேயும்? அதனால முன்னால கெடக்கதப் பின்னால போடணும், பின்னால கெடக்கத முன்னால போடணும். ஒரே டயர் எத்தன நாளைக்கு அடி வாங்கும், மாத்தி மாத்தி வாங்கட்டும். மாத்தும்போதே அலைன்மென்ட்டும் பாத்துரணும். சக்கரம் கொஞ்சூண்டு உள்ள சாஞ்சு நின்னாப் போதும், உள் ஓரமா அரிச்சுக்கிட்டே போயிரும். வெளிய நின்னு பாத்தா டயர் மேல இருக்க பட்டன் எல்லாம் புதுசு மாதிரித் தெரியும். குனிஞ்சு உள்ள கைய விட்டுத் தடவுனாத்தான் கம்பி கையில குத்தும்.

இதுல எல்லாரும் கோட்ட விடுத எடம் ஒண்ணு இருக்கு. ஸ்டெப்னி. நாலு டயர மாத்துவான், அஞ்சாவத டிக்கியில அப்படியே போட்டு வச்சிருப்பான். வருசக் கணக்காக் கெடந்து, அவசரத்துக்கு எடுக்கும்போது ஓரமெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். நான் அஞ்சையும் சுத்துல விடுவேன். என் கணக்குல டிக்கியில கெடக்கது முன்னால எடது பக்கம் வரும், அதுல கெடந்தது பின்னால போகும், பின்னால ஒண்ணு டிக்கிக்குப் போகும். அஞ்சும் ஒண்ணுபோலத் தேயும். அஞ்சு பிள்ள பெத்தவன் அஞ்சுக்கும்தானே சோறு போடணும்? எந்த டயர் எங்க கெடந்துச்சுன்னு மறந்துரக் கூடாதுன்னு உள்பக்கமா மஞ்சப் பெயின்ட்டுல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு வச்சேன். நான் போடல, லிங்கம்தான் போட்டான். அந்தக் கதையத்தான் சொல்லுதேன்.

குத்தாலிங்கம். லிங்கம்னு கூப்புடுவோம். என் சேக்காளி. சேக்காளின்னா டீ வாங்கிக் குடுக்கவன் இல்ல சார். எங்க அப்பா செத்த அன்னைக்கு நான் சவாரியில மெட்ராசுல இருக்கேன். நான் வந்து சேருத வரைக்கும் அப்பா தலமாட்டுல உக்காந்து ஈ ஓட்டுனவன் அவன். என் சொந்தத் தம்பி பந்தல் போட வந்தவனோட பேசிக்கிட்டு இருக்கான், இவன் ஈ ஓட்டுதான். அவன் மவ உலகம்மை, எங்க ஊரு அம்மன் பேரு, உலகுன்னு கூப்புடுவோம், அது என்னச் சித்தப்பான்னுதான் சொல்லும். அது கல்யாணத்துக்குப் பொண்ணழைப்பு என் வண்டியிலதான். வேற வண்டியில ஏற மாட்டேன்னுட்டு. வண்டி ஓட்ட வாரதுக்கு முன்னால லிங்கம் லாரிக்கெல்லாம் பேரு எழுதிக்கிட்டுக் கெடந்தவன். எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அதனாலதான் டயருக்கு நம்பர் போடச் சொன்னேன்.

எங்க ஸ்டாண்டுல ஒரு பழக்கம் உண்டு. ஸ்டெப்னி பொது. முக்காவாசி ஒரே மாடல் வண்டி, ஒரே அளவு டயர். ஒருத்தனுக்கு டயர் போயி, ஸ்டெப்னியும் சரியில்லன்னா பக்கத்து வண்டியில இருந்து எடுத்துட்டுப் போகலாம். சாவி எல்லாம் டீக்கடை ஆணியில தொங்கும். கேக்க வேண்டாம், சொன்னாப் போதும், திருப்பிக் கொண்டாந்து வச்சிரணும். நல்ல பழக்கம்தான், இல்லங்கல. ஆனா எல்லாப் பயலும் மொட்ட டயர டிக்கியில போட்டு வச்சிருந்தா எவன் டிக்கியத் தொறப்பான்? என் டிக்கியத்தான்.

ஒருக்கா சண்முகையான்னு ஒருத்தன் ஆணி ஏறுன டயர அப்படியே கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டான். பஞ்சர்கூட ஒட்டல. விடுவேனா நான்? அந்த டயர ஸ்டாண்டு நடுவுல உருட்டிக் கொண்டுவச்சு, பூக்கடையில மால வாங்கிப் போட்டு, ‘சண்முகையா உபயம்’னு அட்டையில எழுதித் தொங்க விட்டேன். ஒரு வாரம் கெடந்துச்சு. வாரவன் போறவன் எல்லாம் கும்புட்டுட்டுப் போனான். என்ன சிரிப்புங்கிய. அதுக்குப் பொறவு அந்தப் பய எனக்கு முகம் குடுத்துப் பேசல. அந்த அட்டைய எழுதுனது யாரு? லிங்கம்தான். ‘வேண்டாம் வே, பிள்ள குட்டிக்காரன், கூசிப் போவான்’னான். எழுது வேன்னேன். எழுதுனான்.

இருங்க, இந்தப் பஸ்ஸ முந்திக்கிடுதேன். வழி விடுதானா பாருங்க, மூதி.

போன வருசம் சீசன் தொடக்கம் சார். ஆனி மாசம், சாரல் இறங்கி, அருவியில தண்ணி வந்துட்டு. ஸ்டாண்டுல வண்டி நிக்கவே நேரம் இல்ல. அந்த நேரம் பாத்து எனக்குக் காய்ச்சல். வீட்டுல மூடிப் படுத்துக் கெடக்கேன். லிங்கம் போன் பண்ணுதான், ஆரியங்காவு சவாரி, டயர் போச்சு, உன் ஸ்டெப்னிய எடுத்திருக்கேன்னு. எடுத்துக்கிடு, இதுக்கு ஒரு போனான்னேன். காய்ச்சல் விட்டு நான் ஸ்டாண்டுக்குப் போகும்போது ஸ்டெப்னி டிக்கியில இருக்கு. என் ரிம்மு, மஞ்சப் பெயின்ட்டுல அஞ்சு. மூடிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பை ரம்புட்டான் பழம் கொண்டாந்து பிள்ளைக்குன்னு வீட்டுல குடுத்தான். எம் பயலும் தின்னான், நானும் தின்னேன். இப்ப ரோட்டு ஓரம் அந்தப் பழத்தப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது.

டயர மாத்திப் போடுத நாள் வந்துச்சு. சேவியர்னு ஒரு பையன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அலைன்மென்ட் கடை வச்சிருக்கான், வழக்கமா அவன்கிட்டதான் விடுவேன். கெளம்புத நேரத்துல லிங்கம் வந்து நிக்கான். நாலு டயர மாத்துனாப் போதும் வே, ஸ்டெப்னிய எதுக்குப் போட்டு இழுக்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னான். எனக்குச் சிரிப்பு. இத்தன வருசமா டயரப் பத்தி ஒரு வார்த்த பேசாதவன் எனக்குப் பாடம் எடுக்கான். வாத்தியாருக்கே வகுப்பா வேன்னு கேட்டுட்டுப் போயிட்டேன்.

அஞ்சாம் நம்பர் முன்னால எடது பக்கம் வந்துச்சு. அன்னையில இருந்து புடிச்சுது சார் சனியன்.

கைய லேசாத் தளத்துனா வண்டி எடது பக்கம் போகுது. கொஞ்சம் வேகம் எடுத்தா ஸ்டியரிங்ல ஒரு நடுக்கம். மத்தவனா இருந்தா கண்டுக்கிட மாட்டான். எனக்கு அது பல்லுவலி மாதிரி, ராவும் பகலும் அதே நெனப்பு. நேரா சேவியர்கிட்ட போனேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தான், எல்லாம் பச்சையாக் காட்டுது. ‘அலைன்மென்ட்டுல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி, அந்த முன் டயருதான் ஒரு மாதிரியா இருக்கு, கழட்டிப் பாத்துருவோம்’ங்கான்.

எனக்கு எப்படி இருக்கும்? அஞ்சு டயரும் ஒரே நாளு, ஒரே கடையில, நான் பாத்துப் பாத்து வாங்குனது. என் டயரக் குத்தம் சொல்லுதான். புது டயர் விக்கவன்கிட்ட கமிசன் வாங்குதியாலன்னு கேட்டுட்டேன். கடையில நாலு பேரு நின்னாங்க. அவன் மிசினை மூடிட்டு உள்ள போயிட்டான். அதோட அவன் கடைய விட்டேன். செங்கோட்டையில ஒருத்தன்கிட்ட காட்டுனேன், கடையநல்லூருல ஒருத்தன்கிட்ட காட்டுனேன். எல்லாப் பயலும் பச்சப் பச்சன்னே சொல்லுதான். டை ராடை மாத்துனேன். புஷ் மாத்துனேன். சீசன்ல சம்பாரிச்சது பூரா அந்த வண்டிக்கு அடியிலயே போச்சு.

பொறவு யோசிச்சேன், வண்டிய வேற யாரு எடுத்தான்னு. எம் மச்சினன், வீட்டுக்காரி தம்பி, ஒரு நா பாவநாசத்துக்கு எடுத்துட்டுப் போயிருந்தான். எங்கயாவது குழியில எறக்கியிருப்பான், மறைக்கான்னு புடிச்சேன். அவன் அம்மன் மேல ஆணையா இல்லங்கான். நான் நம்பல. வார்த்த வளந்து போச்சு, சாப்புட்டுக்கிட்டு இருந்தவன் எலையில கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் வீட்டு வாசல் மிதிக்கல. எம் பொஞ்சாதி எனக்குச் சோறு வைப்பா, கொழம்பு ஊத்துவா, பேச மாட்டா.

இத எல்லாத்தையும் நான் யாருகிட்ட போய்ச் சொன்னேன்? லிங்கத்துக்கிட்டதான். டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஒண்ணு விடாமச் சொல்லுவேன். சேவியர ஏசுனதச் சொன்னேன், மச்சினன அடிக்கப் போனதச் சொன்னேன். கேட்டுக்கிட்டு இருப்பான் சார். தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேப்பான். எனக்காக வருத்தப்படுதான்னு நான் நெனைக்கேன். ‘அந்த முன் டயரக் கழட்டி டிக்கியில போட்டுப் பாரேன் வே’ன்னு ஒருக்கா பைய சொன்னான். முறை வாரதுக்கு முன்னால எறக்குனா கணக்குக் கெட்டுரும்னேன். இன்னொருக்கா சொன்னான். உனக்கு என்ன தெரியும் டயரப் பத்தின்னேன். அதோட விட்டுட்டான். சரியாச் சொல்லிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?

ஆடிக் கார்த்திகைக்குத் திருமலைக் கோயிலுக்குப் போகணும்னு வீட்டுல சொன்னா. பண்பொழிக்குப் பக்கத்துல மலை மேல முருகன், நான் பொறந்ததே அந்தச் சாமிகிட்ட கேட்டுத்தான். இப்ப மேல வரைக்கும் ரோடு இருக்கு, வளைஞ்சு வளைஞ்சு போகும். எம் பொஞ்சாதி, எம் பய, எங்க மாமியா, மூணு பேரையும் ஏத்திக்கிட்டு ஸ்டாண்டு வழியா வாரேன். லிங்கம் குறுக்க வந்து நிப்பாட்டுதான். என் வண்டிய எடுத்துட்டுப் போ வேங்கான். உன் வண்டியில டயரா கெடக்கு, வழுக்க மண்டைலா கெடக்குன்னேன். மாமியாகூடச் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. ஒதுங்கிக் கையக் கட்டிக்கிட்டு நின்னான். நாங்க மலை ஏறுதோம், போன் அடிக்கான், ஏறிட்டியான்னு. சாமி கும்புட்டுட்டு எறங்குதோம், மறுபடி போன், எறங்கிட்டியான்னு. எம் பொஞ்சாதி அன்னைக்கு என்னமோ எங்கிட்ட பேசுனா. ‘என்ன, உங்க சேக்காளிக்கு இன்னைக்கு இவ்வளவு பாசம்’னு கேட்டா. எனக்குப் பெருமையா இருந்துச்சு சார்.

பாவூர்சத்திரம் வரட்டும், ஒரு டீ குடிப்போம். அதுக்குள்ள முடிச்சிருதேன்.

சீசன் முடியுத நேரம், ஆவணி பொறந்துட்டு. உலகு தலப்பிரசவத்துக்கு வந்து லிங்கம் வீட்டுல இருக்கு. பிள்ள வயித்துல குறுக்கக் கெடக்கு, வலி எடுத்தா நேரா திருநவேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னு டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தாங்க. ஒரு நா காலையில, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போற நேரம், லிங்கம் சம்சாரம் எனக்குப் போன் பண்ணுது. ‘அண்ணே, வலி வந்துட்டு, இவுக வண்டி எஃப்சி வேலைக்குப் பட்டறையில நிக்கு, வெரசா வாங்க’ன்னு. நான் சட்டையக்கூட மாட்டல, கையில எடுத்துக்கிட்டு ஓடுனேன்.

வாசல்ல வண்டிய நிப்பாட்டுனேன். உலகுவத் தாங்கிக் கொண்டாந்து பின் சீட்டுல உக்கார வச்சாச்சு. அது பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கு. அம்மாக்காரி ஏறியாச்சு. லிங்கம் துணிப்பையத் தூக்கிட்டு வாரான். டிக்கியத் தொறந்து பைய வைக்கான். வச்சவன் மூடல. அப்படியே நிக்கான். கண்ணாடியில பாக்கேன், நிக்கான். ஏறு வேன்னு கத்துதேன். அவன் பைய வெளிய எடுத்துத் தரையில போட்டுட்டு ஸ்டெப்னிய உருவுதான் சார். ஜாக்கிய எடுக்கான்.

எனக்குக் கோட்டி புடிச்சுட்டு. எறங்கி ஓடிப் பாத்தா, முன்னால எடது பக்கம் ஜாக்கிய வச்சு ஏத்திக்கிட்டு இருக்கான். காத்து எறங்கிருக்கான்னு பாத்தேன், இல்ல, டயர் கல்லு மாதிரி நிக்கு. என்ன வே செய்யுதன்னு கேக்கேன், அவன் பாட்டுக்கு ஜாக்கிய முடுக்குதான். உள்ள பிள்ள துடிக்குது. அம்மாக்காரி ஜன்னல் வழியாத் தலையில அடிச்சுக்கிட்டு ஏங்க ஏங்கன்னு கூப்புடுதா. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. நட்டுல ஸ்பானர் நிக்க மாட்டேங்குது, வழுக்கி வழுக்கிக் கையக் கிழிச்சுக்கிடுதான். அஞ்சாம் நம்பரக் கழட்டித் தள்ளிட்டு டிக்கியில கெடந்தத மாட்டிட்டான். எல்லாத்தையும் முடுக்கிட்டு எந்திரிச்சான். அப்பத்தான் என் முகத்தப் பாத்தான்.

‘அது உன் டயர் இல்ல வே.’

எனக்கு மொதல்ல வெளங்கல. அந்த டயரத் தூக்கி டிக்கியில போட்டுட்டு முன் சீட்டுல வந்து உக்காந்துட்டான். நானும் ஏறி வண்டிய எடுத்தேன். இதே ரோடுதான். பின்னால உலகு அம்மா அம்மாங்குது, நான் ஆரன் அடிச்சுக்கிட்டே போறேன். மொதக் கொஞ்ச தூரம் ஒண்ணும் தோணல. ஆலங்குளம் தாண்டுன பொறவு நேர் ரோடு. கைய லேசா விட்டுப் பாத்தேன். வண்டி நேராப் போகுது சார். மறுபடியும் விட்டுப் பாத்தேன். நேராப் போகுது. நடுக்கம் இல்ல, இழுப்பு இல்ல. சித்தப்பா ஸ்டியரிங்கப் புடிச்சு ஓட்டுங்கன்னு பின்னால இருந்து அந்தப் பிள்ள அழுகுது. அப்பத்தான் வெளங்குச்சு எனக்கு.

ஆம்பளப் பிள்ள. ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க, தாயும் பிள்ளையும் நல்லா இருந்துச்சு. அந்தச் சேதி வந்த பொறவுதான் லிங்கத்தத் தனியா இழுத்துட்டுப் போயி சொல்லு வேன்னேன்.

சொன்னான். ஆரியங்காவு போற வழியில என் டயரு கல்லுல ஏறிப் பக்கவாட்டுல கிழிஞ்சு போச்சாம். பக்கவாட்டுல கிழிஞ்சா ஒட்ட முடியாது. அவனுக்கு அப்ப மவ வளைகாப்பு, புது டயருக்கு வழி இல்ல. புளியரையில ஒரு கடையில பழைய டயரு, அதே கம்பெனி, அதே பட்டன், உள்ள நீளமா ஒட்டுப் போட்டது, அத வாங்கி என் ரிம்முல மாட்டி, மஞ்சப் பெயின்ட்டுல அஞ்சு போட்டுட்டான். அவன் கை எழுத்துதானே, எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தானாம், டிக்கியில சும்மா போட்டு வைங்க, ஓட்டாதீய, எப்ப வேணா வெடிக்கும்னு. சீசன் முடிஞ்சதும் புது டயர் வாங்கி மாத்திருவேன்னு நெனச்சானாம். நான் அஞ்சையும் சுத்துல விடுவேங்கது அவனுக்குத் தெரியும்லா சார்? தெரியாதவனா?

ஏன் வே எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா?

‘சொல்லத்தான் வந்தேன். அந்த மாலையும் அட்டையும் ஞாபகம் வந்துட்டு வே.’

இது ஒரு பேச்சா? அது சண்முகையாவுக்குப் போட்டது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இவன் வந்து உண்மையச் சொல்லிருந்தா நான் என்ன பண்ணிருக்கப் போறேன், ரெண்டு ஏச்சு ஏசிருப்பேன். நாலு பேருகிட்ட சொல்லிருப்பேன். அதுக்காக?

எனக்கு மனசு ஆறல சார். டயரு போனா மயிரு போச்சு. ஆனா நான் குடும்பத்தோட மலை ஏறுதேன், இவன் கையக் கட்டிக்கிட்டு நின்னு பாத்தான். எம் பய முன் சீட்டுல, அந்தச் சக்கரத்துக்கு நேர் மேல உக்காந்திருந்தான். எம் பிள்ள போகும்போது இவனுக்கு ஜாக்கி எங்க இருக்குன்னு தெரியல. அவன் மவ ஏறுனதும் தெரிஞ்சுட்டு. எங்க அப்பா மேல ஈ உக்காராமப் பாத்தவன் சார். அன்னைக்கு ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து அழுதேன். பிள்ள பொறந்த சந்தோசத்துல அழுகேன்னு ஒரு நர்சம்மா எனக்கு மிட்டாய் குடுத்துட்டுப் போச்சு.

நான் மால கீல போடல. வாயாலதான் சொன்னேன். ஸ்டாண்டுல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், சேவியர் கடைக்கு எதுத்த கடையில சொன்னேன், கோயில்ல வச்சு ரெண்டு பேரு கேட்டாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். கேக்கவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியுமா? லிங்கம் ஒரு நா வண்டிய எடுத்துட்டுப் போனவன் ஸ்டாண்டுக்குத் திரும்பி வரல. வண்டிய வித்துட்டு இப்ப சுரண்டையில ஏதோ ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுதானாம். போறதுக்கு முன்னால என் வீட்டு கேட்டுல ஒரு புது டயரச் சாத்தி வச்சுட்டுப் போயிருந்தான். எடுத்து மாட்டிக்கிட்டேன். டயரு என்ன பாவம் பண்ணுச்சு? அதுதான் இப்ப முன்னால ஓடுது.

வீட்டுல கேக்கா, சேவியர்கிட்டயும் எந் தம்பிகிட்டயும் போய் ஒரு வார்த்த சொன்னா என்னன்னு. நான் எதுக்குச் சொல்லணும்? என்ன ஏமாத்துனது லிங்கம். அவனாலதானே இவ்வளவும்? அவன்லா போய்ச் சொல்லணும். அவளுக்கு இது வெளங்க மாட்டேங்குது.

உலகு ஒருக்கா போன் பண்ணுச்சு. ‘சித்தப்பா, பிள்ளையப் பாக்க வரவே இல்லையே’ன்னுச்சு. கட் பண்ணிட்டேன். அது மேல கோவம் இல்ல சார். பேசுனா அழுதுருவேன், அதுக்குத்தான். பய நடக்க ஆரம்பிச்சுட்டான்னு சொன்னாங்க. லிங்கம் ஜாடையாம்.

அந்த ஒட்டுப் போட்ட டயரா? அத வீட்டு மொட்ட மாடியில போட்டு வச்சிருந்தேன். என்னைக்காவது அவன் வீட்டு வாசல்ல கொண்டு எறியணும்னு. அதுக்கு முடிவு வந்துட்டு. இந்த சீசன்ல, போன மாசம், ஐந்தருவிக்குப் போற வழியில ஒரு மதுரைக்காரரு குடும்பத்தோட நிக்காரு. நம்ம மாடல் வண்டி. ஒரு டயரு கிழிஞ்சு போச்சு, ஸ்டெப்னியும் உதவாது. கைப்பிள்ள வேற, வெயில்ல கத்திக்கிட்டுக் கெடக்கு. ஒரு கடையிலயும் அந்த அளவு டயரு இல்ல. பாக்கப் பாவமா இருந்துச்சு. நான் வீட்டுக்குப் போயி அத எடுத்துட்டு வந்து குடுத்தேன். ஏதோ பழைய டயருக்கு உள்ள வெலதான் வாங்குனேன். மாட்டிப் பாத்துட்டு அந்த மனுசன் எங் கையப் புடிச்சுக்கிட்டாரு, ‘இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா’ன்னாரு. அந்தம்மா பிள்ள கையப் புடிச்சு எனக்கு டாட்டா காட்டச் சொல்லிச்சு.

ஒட்டப் பத்தியா? சொல்லலையே. எதுக்குச் சொல்லணும்? அவரு கேக்கல, பட்டனப் பாத்தாரு, திருப்தியா மாட்டிக்கிட்டாரு. மதுரைக்கு நேர் ரோடுதானே, போயிருப்பாரு. என்ன சார் அப்படிப் பாக்கிய? ரெண்டும் ஒண்ணா? அவரு யாரோ, நான் யாரோ. லிங்கம் எனக்கு யாரோவா, நீங்களே சொல்லுங்க.